அன்று பார்த்த ஊமைப்படம்

திருத்தணி,
10.11.2024

அன்பு மகள் பிரபாவதிக்கு,

இது நான் எழுதும் முதல் கடிதம். எனக்கு வயது அறுபத்தெட்டு. போன ஞாயிற்றுக்கிழமை இதை ஆரம்பித்தேன். இன்றைக்கு மறுபடியும் ஞாயிறு வந்துவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. தேவயானி என்ற பெண் சொல்லிக் கொடுக்கிறார். பதினோரு பெண்கள், நான் ஒருவன் ஆம்பளை. முதல் நாள் என்னைப் பார்த்து எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். இப்போது அவர் கரும்பலகையைக் காட்டியதும் முதலில் எழுந்து போகிறவன் நான்தான். 'ஞ' எழுத மட்டும் ஒரு மாதம் ஆனது. அது வந்த அன்றைக்கு டீக்கடையில் பேப்பர் ஓரத்தில் எல்லாம் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

மலைப்படி ஓரத்தில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் வேலைதான் இன்னும் பார்க்கிறேன். என் தலைக்கு மேல் ஒரு பலகை உண்டல்லவா? போன மாதம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கே உட்காராதீர்கள்' என்று இருந்தது. ஆறு வருஷமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கச் சொன்னார் தேவயானி. நான் அதை விட்டுவிட்டேன். உன் நலத்தைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்த அன்று வாசலில் எல்லார் முன்னாடியும் நீ என்னைப் பார்த்துப் பேசினாய். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாய். பேத்தி மோனிஷாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் கையாலும் வாயாலும் செய்து காட்டித்தான் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. "அம்மா உள்ள கூப்ட்டுகினே கெடந்தா. நீ போனைப் பாத்து சிரிச்சிகினு குந்திகினு இருந்த. இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

நீ சொன்னது நிஜம். ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. எனக்குக் காது கேட்காது பிரபா.

அம்மையார்குப்பத்தில் முப்பத்தைந்து வருஷம் விசைத்தறி ஓட்டினேன். ஒரு கொட்டாயில் இருபது தறி. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றது. திருத்தணிக்குக் குடி வந்தபோதே பாதி போய்விட்டது. மீதியும் போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும், பச்சையப்பனுக்குக் கூட அந்த மறுநாள்தான் தெரிந்தது. யாருக்கும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். செவிடன் என்று பெயர் வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அது மட்டும் இல்லை, வெட்கம்.

வருகிற மாசியில் அவளுக்கு முதல் தெவசம். எள்ளும் தண்ணியும் நான் விடுவேன். இலை போட்டுப் பரிமாற அவள் வயிற்றில் பிறந்தவள் வேண்டும். நீ ஒருத்திதான் இருக்கிறாய். வா என்று கேட்கத்தான் எழுதப் பழகினேன். போனில் கேட்க என்னால் முடியாது. நீ என்ன பதில் சொல்கிறாய் என்று தெரியாமலே 'ஆங், ஆங்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன் நைனா,
துரைக்கண்ணு

---

ஓசூர்,
1.12.2024

நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று நம்பவே எனக்கு ரெண்டு நாள் ஆனது. அடித்தல் திருத்தலைப் பார்த்து நம்பினேன்.

ஆனால் காது கேட்காது என்பதை நம்ப முடியவில்லை. மூணு வருஷமாக வாராவாரம் உங்களிடம் போனில் பேசியிருக்கிறேன். "சாப்ட்டியா நைனா?" என்றால் "சாப்ட்டேன்" என்பீர்கள். "மழையா அங்க?" என்றால் "தூறல்தான்" என்பீர்கள். செவிடர் எப்படிப் பதில் சொல்லுவார்? மோனிஷாவுக்குக் காது குத்தினபோது என் மாமனார் சொன்ன நகைச்சுவைக்கு எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நீங்கள்தான்.

பத்து மாசம் கழித்து இப்படி ஒரு காரணம் கிடைத்ததா என்றுதான் தோன்றுகிறது. கோபத்தில் எழுதவில்லை. தோன்றியதை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ஜெயம்மா சித்தி என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மாவின் சத்தம் கேட்டு அவங்க ஓடி வந்தபோது, வாசலில் இருந்த நீங்கள் அவங்க ஓடுவதைப் பார்த்தும் சிரித்தீர்களாம். உள்ளே குளிக்கிற இடத்தில் அம்மா வழுக்கி விழுந்து தலையில் ரத்தத்தோடு கிடக்கிறாள். வெளியே நீங்கள் சிரிக்கிறீர்கள். இதை யாரும் கட்டிச் சொல்லவில்லையே?

தெவசத்துக்கு நான் வரவில்லை. இங்கேயே படத்துக்கு முன்னால் இலை போட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு அந்தப் போனில் அப்படி என்ன பார்த்துச் சிரித்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

பிரபாவதி

---

திருத்தணி,
22.12.2024

அன்பு பிரபாவுக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ என்றுதான் சொன்னாய். படிக்கும்போது வேறு யாருக்கோ வந்த தபாலைப் பிரித்துவிட்ட மாதிரி இருந்தது. பரவாயில்லை. பதில் போட்டாயே.

போனில் எப்படிப் பேசினேன் என்று கேட்டாய். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து போனைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். நீ கேட்பதை எல்லாம் கையால் எனக்குச் சொல்வாள். தறிக்கொட்டாயில் எல்லாரும் பேசுவது அப்படித்தான். அந்த இரைச்சலில் வாயால் பேசினால் யாருக்குக் கேட்கும்? நான் தறி ஓட்டினேன், அவள் எனக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். சண்டை கூடக் கையால்தான். உன் மாமனார் விஷயத்தில், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். செவிடனுக்கு அது தெரியாவிட்டால் பிழைக்க முடியாது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நீ கொடுத்த பழைய போனில் அம்மா முருகன் பாட்டுத் தேடுவாள். ஒரு நாள் எதையோ தொட, கறுப்பு வெள்ளையில் ஒரு படம் ஓடியது. என் தொடையைத் தட்டிக் காட்டினாள். சின்ன மீசை வைத்த ஒருவர், கையில் தடி, கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கின்றன. பசி தாங்காமல் தன் செருப்பையே வேகவைத்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆணியைக் கோழி எலும்பு மாதிரி சப்புகிறார். யாரும் பேசவில்லை. சத்தமே இல்லையா என்று அம்மாவைக் கேட்டேன். ஏதோ பியானோ வாசிக்கிறான், பேச்சு கிடையாது என்று கையை விரித்தாள்.

பிரபா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டிவி என்றால் அவள் சீரியல் பார்த்து எனக்குக் கதை சொல்ல வேண்டும். யாராவது சிரித்தால் ஏன் என்று கேட்க வேண்டும். இந்தப் படத்தில் அவளுக்குத் தெரிந்தது எல்லாம் எனக்கும் அதே நேரத்தில் தெரிந்தது. முதல் தடவையாக இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். இவர்கள் எல்லாம் எந்த ஊர்த் தறிக்கொட்டாயில் வேலை செய்தவர்களோ என்று நினைத்தேன்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு படம். பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்களாக வைத்துக்கொண்டோம். செருப்பைத் தின்றவர் தடிக்காரர். வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய மாடிக் கட்டடத்தில் ஏறி, கடியார முள்ளைப் பிடித்துத் தொங்குபவர் கண்ணாடிக்காரர். அதைப் பார்க்கும்போது அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொள்வாள். குண்டர் ஒருவரும் ஒல்லியர் ஒருவரும் சேர்ந்து வருவார்கள், அவர்கள் எந்த வேலையைத் தொட்டாலும் உருப்படாது. எல்லாருக்கும் மேலே சிரிக்காதவர். வீடு இடிந்தாலும், புயல் அடித்தாலும், நூறு போலீஸ்காரர்கள் துரத்தினாலும் அவர் முகத்தில் ஒரு கோடு கூட அசையாது. அம்மாவுக்கு அவர்தான் உசிர்.

நீயும் பார்ப்பாய் என்றால் முதலில் இருபது நிமிஷப் படங்களைப் பார். பெரிய படத்துக்கு அவசரப்படாதே. முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார். எல்லாக் கதையும் காலில்தான் இருக்கிறது. நடுவில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வரும், இங்கிலீஷ். எங்களுக்குத் தெரியாது. எழுத்து வந்தால் அம்மா தன் இஷ்டத்துக்கு ஒரு கதை சொல்வாள். ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், மாமியாரைக் கடித்துவிட்டான் என்பாள். அதற்கே நான் அரை மணி நேரம் சிரிப்பேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. புயல் படம். ஊரே பறக்கிறது. சிரிக்காதவர் தெருவில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அப்படியே சாய்கிறது. அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் அம்மா எழுந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள், தண்ணி ஆறிவிடும். கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். தறியை நிறுத்து என்பதற்கு அதுதான் அடையாளம். குளித்துவிட்டு வருகிறேன், அப்படியே நிறுத்தி வை, ரெண்டு பேருமாகப் பார்க்கலாம் என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் வைத்திருந்தேன். சாய்ந்த சுவர் சாய்ந்தபடியே நின்றது. பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. தொட்டுவிட்டேன். சுவர் அவர் மேலேயே விழுந்தது. மாடி ஜன்னல் ஓட்டை சரியாக அவர் நின்ற இடத்தில் வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசியில் அப்படியே நிற்கிறார். நான் சிரித்தேன். பின்னுக்குத் தள்ளி மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் சிரித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது.

அப்போதுதான் ஜெயம்மா ஓடி வந்தாள். ஒரு கையில் கரண்டி. சேலை காலில் மாட்டி, கதவில் இடித்து, கரண்டியைக் கீழே போட்டு, அதை எடுக்கக் குனிந்து, எடுக்காமல் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். ஆடு ஏதாவது உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் ஓடினது அந்தப் படத்தில் ஓடுகிற மாதிரியே இருந்தது. அதற்கும் சிரித்தேன்.

யாரும் கட்டிச் சொல்லவில்லை. நான் சிரித்தேன்.

காது கேட்காதது என் விதி. நிறுத்தி வைக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு நிறுத்தாமல் விட்டது நான்.

நைனா

---

ஓசூர்,
12.1.2025

நைனா,

உன் கடிதத்தை ரெண்டாவது பக்கத்தில் மடித்து வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

உன்னிடமிருந்து எடுத்து வந்த போன் பீரோவில்தான் கிடந்தது. சார்ஜ் போட்டேன். நீ கடைசியாகப் பார்த்த படம் அதிலேயே நின்றது. சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். மோனிஷா தோளில் தொங்கிக்கொண்டு பார்த்தாள். சுவர் விழுந்ததும் கைதட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாடி சுவர் சாய்வது பார்க்கிற எல்லாருக்கும் தெரிகிறது, நிற்கிற ஆளுக்கு மட்டும் தெரியவில்லை. அதை எப்படி வேடிக்கை என்று எடுத்தார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

உனக்குப் பெயர்கள் தெரியாது என்றாயே. தடிக்காரர் சார்லி சாப்ளின். சிரிக்காதவர் பஸ்டர் கீட்டன். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா அம்மாவோடு மேடையில் நடித்தவராம், அவருடைய அப்பா அவரைத் தூக்கித் தூக்கி எறிவாராம், அதுதான் ஆட்டமே. குண்டர் ஹார்டி, ஒல்லியர் லாரல். கண்ணாடிக்காரர் ஹரால்டு லாயிட். அவருக்கு வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிடையாது. பொம்மைக் குண்டு என்று நினைத்துக் கையில் வைத்திருந்தது நிஜமாகவே வெடித்துவிட்டதாம். அதற்கப்புறம் உறை மாட்டி, விரல் இருக்கிற மாதிரி காட்டித்தான் நடித்தார். கடியாரத்தில் தொங்குகிறபோதும் அந்தக் கைதான். பார்த்தவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். நீ நினைவுக்கு வந்தாய். எரிச்சலாகவும் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜெயம்மா சித்திக்குப் போன் செய்தேன். ஒன்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு அம்மா யாரைக் கூப்பிட்டாள்?

"இன்னா பிரபா இப்பிடி கேக்குற? என்னியதான் கூப்ட்டா. 'ஜெயா, ஜெயா'ன்னு. அதான் எனக்குக் காதுல விழுந்துது. கொழம்புல இருந்த கரண்டியோட ஓடியாந்தேன்."

"நைனாவ ஒரு தடவை கூடக் கூப்பிடலியா சித்தி?"

"இல்லியே. எனக்கும் அது அப்பவே ஒரு மாதிரியாதான் இருந்துது. வாசல்லயே ஆம்பள குந்திகினு இருக்குறாரு, செவுத்துக்கு அந்தாண்ட இருக்குற என்னிய கூப்புடுறாளேன்னு."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை என்று. இப்போது உன்னை நம்புகிறேன்.

நம்பினதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது. ஏன் என்று எழுதுகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசம். நான் போன் செய்து, அம்மாவிடம், "நைனாகிட்ட குடு, நீ அந்தாண்ட போ, தனியாப் பேசணும்" என்றேன். அவள் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் வயிற்றில் இருந்த ரெண்டாவது குழந்தை அஞ்சாம் மாசம் கலைந்துவிட்டது. நேரில் வந்து சொல்லலாம் என்று, உண்டானதையே நான் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன், அப்புறம் தாங்கமாட்டாள் என்று இதையும் சொல்லவில்லை. கம்பெனியில் அந்த வாரம் பெட்டி தூக்கினேன். வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சூப்பர்வைசர் முகத்துக்குப் பயந்து தூக்கினேன். அதனால்தான் ஆனதோ என்று நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தேன். உன்னிடம் கேட்டேன். "நான் பண்ண தப்பா நைனா?" என்று.

"இல்ல கண்ணு. இல்ல, இல்ல" என்றாய். மூணு தடவை.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன். அதற்கப்புறம் நீ ஒரு தடவை கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நம்ம நைனா எவ்வளவு அழுத்தமான ஆள், பெத்த பொண்ணின் ரகசியத்தைப் பொண்டாட்டிக்குக் கூடச் சொல்லாமல் காப்பாற்றுகிறாரே என்று நினைத்தேன். வாசலில் உன்னை அப்படிப் பேசியபோது கூட உள்ளே அந்த மரியாதை எனக்கு இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

இப்போது சொல். அன்றைக்கு எதிரில் அம்மா இல்லை. நான் சொன்னது உனக்குக் கேட்டதா?

பிரபா

---

திருத்தணி,
2.2.2025

பிரபா கண்ணு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. முதலில் அந்தப் பெயர்களை எல்லாம் எழுதிப் பார்த்துக்கொண்டேன். 'பஸ்டர் கீட்டன்' என்று சிலேட்டில் எழுதித் தேவயானியிடம் காட்டினேன். இது யாரு உங்க சொந்தக்காரரா என்று கீழே எழுதிக் கேட்டார். அப்போது கடைசிப் பக்கத்துக்கு நான் வரவில்லை.

கஷ்டமான வார்த்தை வந்தால் தேவயானியிடம் காட்டுவது என் வழக்கம். கடைசிப் பக்கத்தில் 'தனியா' என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'கலைந்துவிட்டது' என்பதை எழுத்து எழுத்தாகக் கூட்ட வேண்டியிருந்தது. கலை வரைக்கும் வந்து, அது ஏதோ நல்ல சொல் என்று நினைத்துவிட்டேன். மீதியும் சேர்ந்த பிறகு அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. செருப்பு டோக்கன் வேலைக்கும் போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது எழுத்து வராததால் இல்லை.

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். 'கேட்டது கண்ணு, அன்றைக்குக் கொஞ்சம் காது திறந்திருந்தது, எல்லாம் கேட்டது' என்று. உன்னிடம் இருக்கிற அந்த ஒரு வார்த்தையை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். பத்து வருஷம் கேட்கிற மாதிரி நடித்ததில் என்ன கிடைத்தது என்று அங்கே நின்று யோசித்தேன். நான் செவிடன் என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்திருந்தால் ஜெயம்மா ஓடி வரும்போதே என் தோளைத் தொட்டிருப்பாள். நீயும் எனக்குப் போன் செய்து அழுதிருக்க மாட்டாய், நேரில் வந்திருப்பாய். கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

கேட்கவில்லை பிரபா. நீ சொன்னது ஒரு வார்த்தை கூட எனக்குக் கேட்கவில்லை.

மறுத்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா போனைக் கையில் கொடுத்து, நீ என்னோடு தனியாகப் பேச வேண்டுமாம் என்று காட்டிவிட்டுத் தண்ணிக் குழாய்க்குப் போனாள். நான் காதில் வைத்துக்கொண்டேன். வழக்கமாக ஒன்றும் வராது. அன்றைக்குக் காதோரம் ஒரு அதிர்வு வந்தது. விட்டு விட்டு, இழை அறுந்த தறி ஓடுகிற மாதிரி. நீ அழுகிறாய் என்று மட்டும் தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பெற்றவன் என்ன சொல்வான்? இல்ல, இல்ல என்றுதான் சொல்வான். அதைச் சொன்னேன். அம்மா வந்து என்ன என்று கேட்டாள். அழுகிற அதிர்வு தெரிந்தது, மாமியாரோடு ஏதோ சண்டையாக இருக்கும் என்று நானாக ஒரு கதை சொன்னேன். அவள் அதை நம்பிவிட்டாள். அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

இதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுவர் விழுந்ததைப் பார்த்துச் சிரித்ததைவிட இது பெரியது.

ஆனால் இப்போது நீ மறுபடியும் கேட்டிருக்கிறாய். இந்தத் தடவை எழுதிக் கேட்டிருக்கிறாய். நான் நாலு தடவை படித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டேன். பெட்டி தூக்கினது தெரியும், டாக்டர் சொன்னது தெரியும், நீ பயந்தது தெரியும். தறிக்கொட்டாயில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உன் அம்மா எட்டாம் மாசம் வரை தார்க்கூடை சுமந்தாள். நீ பிறந்தாய். உனக்கு முன்னால் ஒன்று இருந்தது. அப்போது அவள் தாய் வீட்டில் உட்கார வைத்துச் சாப்பிட்டாள். அது தங்கவில்லை. இதை அவள் உன்னிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். எது தங்கும் எது தங்காது என்பது பெட்டியிலும் கூடையிலும் இல்லை.

எல்லாம் தெரிந்தே பதில் எழுதுகிறேன். இல்லை. உன் தப்பு இல்லை.

தெவசம் மார்ச் பத்தாம் தேதி, திங்கட்கிழமை. ஐயரைக் கேட்டுவிட்டேன். வா என்று மறுபடியும் எழுத மாட்டேன்.

நைனா

---

ஓசூர்,
23.2.2025

நைனா,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த கோமளவல்லி அக்கா, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவங்க முந்தானையை என்னிடம் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒன்று போனது எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் ஒரே அடுப்பங்கரையில் நின்று வெங்காயம் அரிந்திருக்கிறோம்.

நீ எழுதின 'இல்லை'யை வாங்கிக்கொண்டேன். முன்னால் இருந்ததைவிட இது கனமாக இருக்கிறது.

உனக்கும் அதையே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். உன் தப்பு இல்லை நைனா. நாலே வார்த்தை. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் எழுத வரவில்லை. நீ படத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது, எல்லாம் அப்படியேதான் நடந்திருக்கும் என்று உன் மருமகன் பிரேம்குமார் சொல்கிறார். அவர் சொல்வது சரி. ஆனால் நிறுத்தியிருந்தால் நேரம் ஆகிறதே, இன்னும் வரவில்லையே என்று ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்திருப்பாயோ என்று எனக்கு ஓடுகிறது. வேண்டாம் என்றாலும் ஓடுகிறது. நீ எனக்குப் பொய் எழுதவில்லை. அதனால் நானும் உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் நாங்கள் மூணு பேரும் வருகிறோம். வாழைக்காயும் காராமணியும் வாங்கி வை, மீதி நான் கொண்டு வருகிறேன். பின்பக்கம் அம்மா விழுந்த இடத்துக்கு நான் போகமாட்டேன். குளிக்க ஜெயம்மா சித்தி வீட்டுக்குப் போய்க்கொள்வேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. காது டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போக பிரேம்குமார் வேலூரில் சொல்லி வைத்திருக்கிறார். மாட்டேன் என்று அங்கே தகராறு செய்யாதே.

அந்த நாலு வார்த்தை எனக்கு எப்போதாவது வந்தால், கடிதத்தில் எழுத மாட்டேன். உன் எதிரில் வந்து நின்று, உனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொல்வேன். அதுவரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே நைனா. என்னால் தாங்க முடியாது.

பிரபா